அம்மா விரல் வைத்த கலர்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மூக்கில் இருக்கிற கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இளவட்டங்களுக்கு இது விளங்காது. ஒரு பழைய காருக்கு என்ன கலர் அடிப்பது என்பதற்கா இத்தனை பேச்சு என்று கேட்பார்கள். கேட்கட்டும். கறுப்பா வெள்ளையா என்று ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய சங்கதிக்கு எங்கள் வீட்டில் ஐம்பத்தாறு வருஷம் பிடித்திருக்கிறது.

போன தை மாதம் தம்பி போன் செய்தான். அவன் அரியலூரில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில், வருஷக்கணக்காகச் சிமெண்ட் தூசியைக் குடித்துக்கொண்டு கிடந்தது அப்பாவின் பழைய கார். அதைப் பெரம்பலூர் பைபாஸில் ஒரு பட்டறையில் விட்டிருக்கிறானாம்.

"அக்கா, வைகாசில என் சின்ன மவ கல்யாணம். கோயிலுக்குப் பொண்ண அப்பா வண்டிலதான் அழைச்சிக்கிட்டுப் போறதுன்னு இருக்கேன். மெசின் வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சு. கலர்தான் பாக்கி. நீ வந்து ஒரு பார்வ பாத்துடு. நீலந்தானே? நீ சொன்ன கலருதானே அது?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். நீ சொன்ன கலருதானே என்று அவன் பிரியமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் நெஞ்சில் முள் ஏறியது மாதிரி இருந்தது.

அந்தக் கலர் வந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எனக்கு ஒன்பது வயது. பெரம்பலூர், அரியலூர் எல்லாம் திருச்சி ஜில்லாவுக்குள் இருந்த காலம். ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வட்டாரத்தில் வாடகைக்கு ஓடியது ஒரே ஒரு கார், அது அப்பாவுடையது. அப்போது யார் கார் என்றார்கள்? பிளசர் என்றுதான் பேர். யாரிடமோ பழசாக வாங்கியது. நல்ல கறுப்பு. அப்பா அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். தலைக்கு வைக்க எண்ணெய் இல்லை என்று அம்மா கத்தினால், "உன் தலைய எவன் வாடகைக்கு எடுக்கப்போறான்?" என்பார். அம்மா சிரித்துவிடுவாள். அப்போதெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

நான் அப்பா செல்லம். இதில் எனக்குக் கூச்சம் ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். சும்மா டவுனுக்குப் போகும்போது முன் சீட்டில் என்னைத்தான் உட்கார வைத்துக்கொள்வார். ரப்பர் பந்து வைத்த ஹாரனை நான்தான் அமுக்குவேன். கல்யாண வாடகை முடிந்து வண்டி வந்தால், பின் சீட்டைச் சுத்தம் பண்ணுவது என் வேலை. நசுங்கிய மல்லிகை, வெற்றிலைக் காம்பு, வேர்க்கடலைத் தோல், அட்சதை, கொண்டை ஊசி, உடைந்த வளையல் துண்டு. வெயிலில் சூடேறிய ரெக்சின் வாசனையும் பெட்ரோலும் வாடிய பூவும் கலந்து ஒரு வாடை வரும். இன்றைக்கும் கல்யாண வீடு என்றால் எனக்குச் சாம்பார் வாசனை ஞாபகம் வராது, அதுதான் வரும். பொறுக்கியதை எல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ரேடியோ இல்லை, அம்மா இருந்ததால் யாருக்கும் அது குறையாகவும் தெரியவில்லை. யார் வீட்டு மாடு கன்று போட்டது, பங்குச் சாமியார் யாரைப் பார்த்து முறைத்தார், எல்லாம் அம்மா வாயிலிருந்துதான் புறப்படும். பொல்லாங்கு பேச மாட்டாள். சேதி தங்காது, அவ்வளவுதான். அம்மாவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு நிறத்தை வெறுமனே சிவப்பு, பச்சை என்று சொல்ல மாட்டாள். எல்லாவற்றுக்கும் புடவைக் கடைப் பேர்தான். வெங்காயத்தோல் கலர், கத்திரிப்பூ கலர், மயில் கழுத்து, அரக்கு. எங்கள் ஊர்ச் செம்மண்ணைக்கூட "காவியில ஒரு சொட்டு மாம்பழம் வுட்ட கலரு" என்பாள். கட்டியதென்னவோ இரண்டே புடவை.

தவக்காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் கிடையாது. வண்டிக்கு ஆஸ்பத்திரி வாடகைதான் வரும். ஒருநாள் காலையில் அப்பா தஞ்சாவூரிலிருந்து வந்தார். வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வண்டியைக் கழுவி, ஏலாக்குறிச்சி மாதா கோயில் தீர்த்தத்தைப் பாட்டிலிலிருந்து பின் சீட்டில் தெளித்தார். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து அம்மாவிடம் பேசினார். நான் பாயில் புரண்டுகொண்டிருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"எறக்கி வுட்டுட்டு வர மனசு வரல," என்றார் அப்பா. "கூலி வேலைக்குப் போற வூட்டுப் பொண்ணு. தலைப்பிரசவம். பொழைக்காது, வூட்டுக்குக் கொண்டு போயிடுங்கன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. திருவையாறு தாண்டுனதும் மூச்சு நின்னுடுச்சு. அவங்கம்மா என் கையப் புடிச்சுக்கிச்சு, நடு ரோட்டுல வுட்றாதீங்க சாமின்னு. புருசனும் மாமியாளும் ரெண்டு பக்கமும் தோளக் குடுத்து, முக்காடு போட்டு உக்கார வச்சிக்கிட்டு வந்தாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் தூங்குதுன்னு சொன்னேன்."

"மாதாவே," என்றாள் அம்மா. அழுகிற சத்தம் கேட்டது. "பெத்தவ முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு எப்புடித் தாங்குனாளோ."

"அத வுடு. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கணும். ஈஸ்டர் முடிஞ்சா முகூர்த்தம் ஆரம்பிச்சிடும். பொணம் ஏத்துன வண்டின்னு பேரு வந்துச்சுன்னா ஒருத்தனும் தொட மாட்டான். உன் வாயக் கட்டிக்க."

"நான் எதுக்குங்க சொல்றேன்? எனக்கு அவ்வளவு கூடவா வெவரம் இல்ல?"

அப்பா ஈரத் துண்டைக் கொடியில் போடப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பின் சீட்டைத் துடைக்கப் போனேன். சீட்டு மடிப்பில் அரை வட்டமாக ஒரு கண்ணாடி வளையல் துண்டு. பச்சை. வளைகாப்புக்குப் போட்ட வளையலாக இருக்கும். பவுடர் டப்பாவில் போட பயமாக இருந்தது. தூர எறியவும் மனசில்லை. பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் தாயார் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்றாள். ஒரு முறம் கத்திரிக்காய் கொண்டுவந்திருந்தாள். அப்பா வீட்டில் இல்லை. அம்மா அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அம்மா போன பிறகு என்னிடம், "கத்திரிக்கா குடுக்க வந்தாங்க, வேற ஒண்ணுமில்ல," என்றாள். பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வாயைக் கட்டத் தெரிந்திருந்தது.

கட்டத் தெரியாதவள் நான்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் எங்கள் ஊர் ரைஸ் மில்காரர் வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தா.பழூர்ப் பக்கம். அப்பா வண்டியைத்தான் பேசியிருந்தார்கள். மில்காரரின் இளைய மகள் என் வகுப்பு. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அவள் எல்லாரையும் கூட்டிவைத்து, காரில் யார் யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் வருவேன் என்றேன். என் அப்பா வண்டி இல்லையா?

"நீயா? எங்கக்காவும் நாங்களும்தான் பின் சீட்டு. நீ ஏறக் கூடாது. உங்கப்பா எங்களுக்கு அன்னிக்கி டிரைவர். டிரைவர் மவளையெல்லாம் கல்யாணக் கார்ல ஏத்துவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"போ, போய் நல்லா சாஞ்சு உக்காரு," என்றேன். "செத்த பொணம் உக்காந்து வந்த சீட்டு அது. உங்கக்காவும் அதுலயே உக்காரட்டும்."

"பொய்யி!"

பாவாடை முடிச்சை அவிழ்த்து வளையல் துண்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இந்தா பாரு, அந்தப் பொணத்தோட வளையலு."

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பொய் சொல்லக் கூடாது, சந்தோஷம்தான். அன்று சாயங்காலமே அவளுக்குப் பயந்த காய்ச்சல் கண்டது.

மறுநாள் மில்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன்மையான மனிதர். வாசலிலேயே நின்றுகொண்டு தரையைப் பார்த்துப் பேசினார்.

"தப்பா நெனக்காதீங்க. நல்ல காரியம் பாருங்க. வண்டி வேற எடத்துல பேசிட்டோம். நீங்க செஞ்சது புண்ணியந்தான், நான் இல்லங்கல. ஆனா பொம்பளைங்க மனசு கேக்க மாட்டேங்குது."

அப்பா தடுமாறினார். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"உங்க வூட்டுலேர்ந்துதாங்க சேதி வந்துருக்கு. யாரு வாயின்னு நான் வேற சொல்லணுமா? போயிட்டு வரேன்."

சின்னப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். நல்ல எண்ணம்தான். அதுதான் என் அம்மா தலையில் விடிந்தது.

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "ஐயோ, நான் ஒருத்தர்கிட்டயும்…" என்று ஆரம்பித்தாள் அம்மா. ஆரம்பித்தவள் கண் தற்செயலாக என் மேல் விழுந்தது. நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் பாவாடை முடிச்சைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாய் தவறிடுச்சுங்க," என்றாள்.

அப்பா கத்தவில்லை. கை ஓங்கவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு போயிருக்கும். "உன்ட்ட சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போன பிறகு அம்மா என் முடிச்சை அவிழ்த்து வளையல் துண்டை எடுத்தாள். கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள். "அப்பாவுக்கு நீன்னா உசுரு. அது அப்புடியே இருக்கட்டும். நீ ஒண்ணும் சொல்லிக்காத," என்றாள். நான் அழுதேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், தப்பித்தோம் என்றுதான் அழுதேன். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்தில் தம்பியைக் கிள்ளினேன், செபத்தில் தூங்கினேன் என்று சாமியாரிடம் வரிசையாக ஒப்பித்தேன். இதைச் சொல்லவில்லை.

ஈஸ்டர் வந்தது, முகூர்த்தங்கள் வந்தன, எங்கள் வாசலில் வண்டி கேட்டு யாரும் வரவில்லை. வண்டிக் கலரை மாற்றிவிட்டால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அடையாளம் தெரியாது என்று யாரோ அப்பாவுக்கு யோசனை சொன்னார்கள். அப்பா அரியலூருக்குப் போய், பெயிண்டரிடமிருந்து கலர் அட்டை ஒன்று வாங்கி வந்தார். மடிப்பு மடிப்பாக விரியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கலர், பிஸ்கோத்து அளவுக்கு. அவ்வளவு கலரை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. மோந்து பார்த்தேன், வார்னிஷ் வாடை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, அட்டையை நடுவில் விரித்து உட்கார்ந்தோம். தம்பிக்கு நாலு வயது. லாரி சிவப்புதான் வேண்டும் என்று குதித்தான். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வாரக்கணக்காக அப்பா அவளிடம் நேராகப் பேசவில்லை. அட்டையைப் பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. குனிந்து ஒவ்வொரு கலராகப் பார்த்தாள். புடவைக் கடையில் நிற்கிற மாதிரி முகம் மலர்ந்துபோயிற்று. ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தாங்க, இந்தத் தாழம்பூ கலர் நல்லாருக்கும். கண்ணுக்குக் குளுமையா, கல்யாணக் களையா இருக்கும்."

அப்பா அட்டையை அவள் விரலுக்கடியிலிருந்து இழுத்தார். "உன் யோசனைய ஊர்ல போய்ச் சொல்லு. அங்கதான் கேப்பாங்க." பிறகு என் பக்கம் திருப்பினார். "நீ சொல்லும்மா. நீ சொல்றதுதான்."

அங்கே நான் தாழம்பூ என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அதற்குப் பெரிய தைரியம்கூட வேண்டியதில்லை. அப்பா எதைச் சொன்னால் சிரிப்பார் என்று பார்த்தேன். "மாதா போர்வை நீலம்," என்றேன். அப்பா சிரித்தார். "என் தங்கம்," என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

வண்டி நீலமாகத் திரும்பி வந்தது. அழகாகத்தான் இருந்தது, ஏன் இல்லை? ஆனால் கலர் மாறினால் ஊருக்குக் காது கேட்காமல் போய்விடுமா? அந்த ஹாரன் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார்கள். பொணவண்டிக்குப் புதுச் சட்டை என்று எங்கள் தெருவிலேயே சிரித்தார்கள். அரும்பாவூர், பெரம்பலூர் பக்கம் தெரியாத ஊர்களில் போய் அப்பா வாடகை பிடித்தார். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். முன் சீட்டில் நான் ஹாரன் அடித்துக்கொண்டு போனதெல்லாம் அந்தத் தவக்காலத்தோடு சரி.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எனக்கு எழுதக் கை வரவில்லை. அப்பா அம்மாவிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, சாப்பாட்டுக்குக் குறை இல்லை. சேதி மட்டும் சொல்ல மாட்டார். வண்டியை நிறுத்தப் போகிறார் என்பதுகூட அம்மாவுக்கு அடுத்த வீட்டில்தான் தெரிந்தது. "அதுகிட்ட சொன்னா தமுக்கடிச்ச மாதிரி," என்பார். ரகசியம் எல்லாம் என்னிடம்தான் சொல்வார். சிரிக்காதீர்கள். ஊர் உலகத்தில் ரகசியம் சொல்ல அவருக்குக் கிடைத்த ஆள் நான்! அம்மாவும் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். வயசாகிறது, அடங்கிவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம். இப்போதுதான் அவள் வயதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அப்போது அம்மாவுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது.

எனக்குக் கல்யாணமாகி, வாத்தியார் வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நெஞ்சு வலிக்கிறது, டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார் என்றார். "அம்மாட்ட சொல்லிடாத. ஊரக் கூட்டிடும்." நான் சொல்லவில்லை. அந்த ஒரு ரகசியத்தை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன். நாலு மாதத்தில் அப்பா போய்விட்டார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா அழுததைவிட, நடுவில் தலையைத் தூக்கி, "நாலு மாசமாவா? என்ட்ட ஒரு வார்த்த சொல்லலையே," என்று கேட்டதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். தெரியும் என்று தலையாட்டினேன். "சரி, ஒனக்காச்சும் சொன்னாரே," என்றாள்.

அம்மா கடைசியில் வாதம் வந்து படுத்தாள். கை கால் மட்டும் இல்லை, பேச்சும் போய்விட்டது. ஏழு மாதம். கண் மட்டும் பேசும். பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் அவளிடமாவது ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பதில் சொல்ல முடியாதவளிடம் கேட்பதுதான் எனக்குச் சுலபம் என்று தெரிந்தும் கேட்கவில்லை. அம்மா வாய் என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது. நல்ல நாள் பெரிய நாளில் கூடினால் தம்பி அந்தக் கதையை எடுப்பான். "அம்மா வாயி மட்டும் நின்னுருந்தா நாம அப்பவே ஊர்ல நாலு பிளசர் வச்சிருப்போம்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஐம்பத்தாறு வருஷம் சிரித்திருக்கிறேன்.

பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் லப்பைக்குடிக்காட்டு ஆள். வளைகுடாவில் இருபது வருஷம் பழைய கார்களுக்கு உயிர் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து சொந்தமாகப் போட்டிருக்கிறார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த காரைக் காட்டினார். கதவில் ஒரு பக்கம் நீலம், அதற்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே தகரம். அவ்வளவு சின்ன காரா அது? என் நினைவில் அது ஒரு வீடு அளவுக்கு இருந்தது.

"உக்காருங்க டீச்சரம்மா," என்று நாற்காலி போட்டார். "சீட்டப் பிரிச்சப்ப இதெல்லாம் ஸ்பிரிங்குக்குள்ள கெடந்துச்சு. அமானிதம் மாதிரி, நம்மள நம்பி வுட்டுட்டுப் போன பொருளு, தூக்கிப் போட மனசு வரல." ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்தார்.

கொண்டை ஊசிகள். செபமாலை மணி இரண்டு. கறுத்துப்போன அரிசி. அப்புறம் வளையல் துண்டுகள், சிவப்பு, நீலம், பச்சை. பச்சையே ஏழெட்டு இருந்தது. எத்தனை பெண்களோ.

தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பாய், இந்த வண்டி ஒரு பொணத்தையும் ஏத்தியிருக்கு, தெரியுமா? எங்கப்பா அத கமுக்கமா வச்சிருந்தாரு. எங்கம்மா ஊரெல்லாம் ஒலிபரப்பிட்டாங்க. அம்மா வாயி மட்டும் நின்னுருந்தா இந்த வண்டி நீலமே ஆயிருக்காது. என்னக்கா?"

நான் சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த டப்பாவை மூடினேன்.

"அம்மா சொல்லலடா. நான் சொன்னேன்," என்றேன்.

"என்னது?"

"மில்காரர் வூட்டுப் பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன். டிரைவர் மவளுன்னு கேலி பண்ணுனா, கோவத்துல சொல்லிட்டேன். அம்மா தெரிஞ்சே பழிய ஏத்துக்கிச்சு. நான் அப்பா செல்லம்னு."

பட்டறைக்காரர் மெல்ல எழுந்து வெளியே போனார். தம்பி காரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அம்மா படுத்துக் கெடந்துச்சே," என்றான். "பேச்சு நின்னுபோன மறுநாளு. நான் போய்ப் பக்கத்துல உக்காந்து என்ன சொன்னேன் தெரியுமா? அழுவக் கூடாதுன்னு வேடிக்கையா ஏதோ சொல்லணும்னுதான்க்கா சொன்னேன். 'ஒருவழியா ஒன் வாயி ஓஞ்சுதும்மா'ன்னேன். அது என்னையே பாத்துச்சு. கண்ணுலேர்ந்து தண்ணி வந்துச்சு. வலிக்குது போலன்னு நான் நர்ஸக் கூப்புட்டேன்."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அவன் தோளைத் தொடக்கூட யோக்கியதை இருப்பதாகத் தெரியவில்லை. தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கலரை முடிவு பண்ணாமலே அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மூன்று நாள் போன் இல்லை. நாலாம் நாள் அவனே கூப்பிட்டான். "அந்த நீலம் வேணாம்க்கா. அம்மா ஏதோ ஒரு கலரு கேட்டுச்சா? ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"தாழம்பூ கலரு," என்றேன். அட்டை, விரல், அப்பா இழுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். நான் நீலம் சொன்னதையும் சொன்னேன். "கெளம்பி வா," என்றான்.

தாழம்பூ என்றதும் பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். "இப்பல்லாம் நம்பர்தானே டீச்சரம்மா. எங்க உம்மாவும் இப்புடித்தான் சொல்வாங்க, தாழம்பூன்னு. அதுல எது? வெள்ளை ஓடுனதா, மஞ்சள் தூக்குனதா, சந்தனத்துக்குப் பக்கத்துல போறதா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் சளைக்கவில்லை. ஐந்து கலவை கலந்து, கழற்றி வைத்திருந்த கதவில் வரிசையாக ஐந்து கட்டம் அடித்தார். காயட்டும் என்று வெளியே தூக்கி வெயிலில் சாய்த்து வைத்தார்.

ஐந்தும் தாழம்பூதான். ஐந்தும் ஒன்றில்லை.

"எதுக்கா?" என்றான் தம்பி. "எதுன்னு சொல்லு. அதையே அடிச்சிடுவோம். சின்னவளுக்கும் சொல்லிட்டேன், அப்பத்தா கேட்ட கலருதான்னு. அவளுக்கு ஒரே சந்தோசம்."

நான் கிட்டே போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வார்னிஷ் வாடை வருகிறது. அம்மாவின் ஈரக் கை வருகிறது, விரல் நுனியில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது வருகிறது. விரலுக்கு அடியில் இருந்த கட்டம் வரவில்லை. எப்படி வரும்? அம்மா விரலை வைத்தபோது நான் அட்டையைப் பார்க்கவே இல்லை. அப்பா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் இருந்ததைக் காட்டி இதுதான் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். கேள்வி கேட்டிருக்க மாட்டான். விரலைக்கூடத் தூக்கிவிட்டேன். பிறகு கீழே இறக்கிக்கொண்டேன்.

"தெரியலடா. நான் அன்னிக்கிப் பாக்கல."

தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். அந்த ஐந்து கட்டங்களையும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பைபாஸில் சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அம்மா ஏழு மாசம் படுத்துக் கெடந்துச்சு," என்றான். "பேச்சுதான் போச்சு, கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு அட்டையக் கொண்டுபோயி முன்னால காட்டி எதும்மான்னு கேட்டுருந்தா, கண்ணாலயே காட்டியிருக்கும். நம்மள்ல யாருக்கா கேட்டோம்?"